மீனுக்குத் துணையாக இருந்த பழம்

1852 ஆகஸ்டில், அட்லாண்டிக் கடலின் நடுவே ‘ஹெலன்’ என்ற பாய்மரக் கப்பல் தீப்பற்றி எரிந்தது. அமேசான் காட்டில் நான்கு ஆண்டுகள் அலைந்துவிட்டு இங்கிலாந்து திரும்பிக்கொண்டிருந்த ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் அதில் இருந்தார். கடைசி இரண்டு ஆண்டுகளில் தனக்கென்று சேர்த்து வைத்திருந்த பறவைகளும் பூச்சிகளும் சாம்பலாயின. சிறு தகரப் பெட்டி ஒன்றில் அள்ளிப் போட்டுக்கொண்டு அவர் படகில் இறங்கிய கொஞ்சநஞ்சத்தில், பனைவகை மரங்களைப் பார்த்து வரைந்த படங்கள் இருந்தன. மறு ஆண்டே அந்தப் படங்களை வைத்து, அமேசானின் பனைகளைப் பற்றியும் அவற்றின் பயன்களைப் பற்றியும் ஒரு சிறு நூலைச் சொந்தக் காசில் அச்சிட்டார். 250 பிரதிகள்தான். இயற்கைத் தேர்வுக் கொள்கையில் டார்வினோடு சேர்த்துச் சொல்லப்படும் மனிதர், அந்தக் கொள்கையை எழுதுவதற்கு முன்பே பனைமரத்தைப் பற்றி எழுதிவிட்டார் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

அந்த நூலில் அசாயி என்ற பனைவகை மரத்துக்கும் இடம் உண்டு. அமேசான் கடலில் கலக்கும் கழிமுகப் பகுதியில், பிரேசிலின் பாரா மாநிலத்தில் இருக்கும் துறைமுக நகரம் பெலேம். வாலஸ் 1848-ல் வந்து இறங்கியது அங்கேதான். பூர்வகுடிப் பெண்களும் கறுப்பினப் பெண்களும் சிறு மண்பானைகளைத் தலையில் வைத்துக்கொண்டு, கடைசி எழுத்தைக் கீச்சென்று இழுத்து ‘அசாயீ’ என்று கூவியபடி தெருத்தெருவாகப் போவார்கள் என்று அவர் எழுதியிருக்கிறார். பானையில் இருப்பது அந்த மரத்தின் பழத்தைப் பிசைந்து எடுத்த, கருஊதா நிறத்தில் கெட்டியான ஒரு பானம். சுரைக்குடுக்கையில் ஊற்றிக் குடிப்பார்கள். சர்க்கரை போட்டுக்கொள்வதும் போடாததும் அவரவர் விருப்பம். கூடவே மரவள்ளி ரொட்டி.

இன்று தலைச்சுமைக்காரிகள் இல்லை. கடை வாசலில் சிவப்புக் கொடி தொங்கினால், உள்ளே அன்றைக்கு அரைத்த அசாயி இருக்கிறது என்று பெலேம்காரர்களுக்குத் தெரியும். அதே பழம் கலிஃபோர்னியாவிலும் டோக்கியோவிலும் உறைந்த கூழாக, மேலே வாழைப்பழமும் கிரனோலாவும் தூவி, பகட்டான கிண்ணத்தில் வருகிறது. பெங்களூரு, சென்னை கஃபேக்களின் விலைப்பட்டியலிலும் ஏறிவிட்டது. இடையில் நடந்தது என்ன என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் மரம். பார்த்தால் கமுகு என்றுதான் நம்மவர்கள் நினைப்பார்கள். அவ்வளவு மெலிவு, அவ்வளவு நேர்; 25 மீட்டர் வரை உயரும். ஆனால் கமுகைப் போல ஒற்றையாக நிற்காது. அடியில் பக்கக்கன்று விட்டு விட்டு, ஒரே தூரில் பத்து, இருபது தண்டுகள் குத்தாக எழும்பும். ஒரு தண்டை வெட்டினால் இன்னொன்று அந்த இடத்துக்கு வரும். இந்தக் குணத்தைப் பின்னால் வரும் கதைக்காக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடல் ஓதம் நாளுக்கு இருமுறை ஆற்றுக்குள் தள்ளும் நீர் ஏறி இறங்குகிற சேற்று நிலம்தான் இதன் தாய்வீடு. மூச்சுத் திணறாமல் இருக்க அடித்தூரில் சிவந்த வேர்களை வெளியே நீட்டி வைத்திருக்கும். யூட்டெர்ப்பி ஒலரேசியா என்று இதற்கு அறிவியல் பெயர் சூட்டியவர், வாலஸுக்கு முன்பே பிரேசிலைச் சுற்றிவந்த ஜெர்மானியத் தாவரவியலாளர் மார்ஷியஸ்.

கழிமுகத்தின் ஆற்றங்கரை மக்களுக்கு அன்று இது கடையில் வாங்கும் பொருளே அல்ல. வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மரம். தண்டைப் பிளந்து தரைக்கும் சுவருக்கும் வரிச்சலாக அடித்தார்கள். படகுத்துறைக்குப் பாலம் போட்டார்கள். ஓலை கூரைக்குப் போனது. வேரைக் கொதிக்க வைத்துக் குடற்பூச்சிக்கு மருந்தாகக் குடித்தார்கள். பழம் உதிர்த்த குலைக்காம்பு துடைப்பமாகும். காய்ந்ததும் கொளுத்தினால் அந்தப் புகைக்குக் கொசு ஓடும். பழம் சாப்பாடு. பழம் என்றதும் நாம் நினைப்பதுபோல இடைத்தீனியல்ல, உண்மையாகவே சாப்பாடு. சில ஆற்றங்கரைக் குடும்பங்களில் உண்ணும் உணவின் மொத்த எடையில் ஐந்தில் இரண்டு பங்கு அசாயியாக இருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பெலேமில் இன்றும் மதியச் சாப்பாட்டில் ஒரு கிண்ணம் அசாயி, பக்கத்தில் வறுத்த ஆற்றுமீன் அல்லது காய்ந்த இறால், ஒரு கைப்பிடி வறுத்த மரவள்ளி மாவு. பழத்தில் இனிப்பு இல்லை. மண்வாசனையும் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்த ஒரு சுவை. உலர்த்திப் பொடித்த 100 கிராம் சதையில் 32 கிராம் கொழுப்பு. சர்க்கரை ஒன்றரை கிராம்கூட இல்லை. ஆற்றில் துடுப்பு போடுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? சாப்பிட்டதும் தூக்கம் சொக்கும். தூளியைத் தேடுவது ஊர் வழக்கம்.

மரம் ஏறும் விதம் மட்டும் மாறவில்லை. நம் பனையேறிகள் காலில் மாட்டும் தளைநாரின் உடன்பிறப்பு ஒன்று அங்கே இருக்கிறது. ‘பெகோன்யா’ என்பார்கள். அசாயி ஓலையையே முறுக்கி வளையமாக்கியோ, சாக்குத் துண்டைத் திரித்தோ செய்துகொள்வார்கள். இரண்டு பாதங்களையும் அதற்குள் நுழைத்து, வளையத்தைத் தண்டோடு இறுக்கி, கைகளால் தண்டைக் கட்டிப் பிடித்து எம்பினால் ஓர் ஆள் உயரம். இடுப்பில் கத்தி. உச்சிக்குப் போனதும் குலையை அறுத்து ஒரு கையில் பிடித்துக்கொண்டு சறுக்கி இறங்க வேண்டும். மேலிருந்து போட்டால் பழம் சேற்றில் சிதறி வீணாகிவிடும். கெட்டிக்காரர்கள் கீழே இறங்காமலே பக்கத்துத் தண்டுக்குத் தாவுவார்கள். தண்டு மெலிவாக இருப்பதால் கனத்த ஆள் ஏறினால் வளைந்து முறியும். ஆகவே ஏறுகிறவர்கள் ஒல்லியான இளைஞர்கள். பல குடும்பங்களில் பள்ளிக்கூடம் போக வேண்டிய சிறுவர்கள். விழுவது, கத்தி கிழிப்பது, பாம்பு கடிப்பது எல்லாம் இந்தத் தொழிலில் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. உலகமெல்லாம் விற்கிற ஒரு பண்டத்தின் முதல் கண்ணி இன்னமும் ஒரு சாக்குத் துண்டில் தொங்குகிறது என்பதை அந்தப் பகட்டுக் கிண்ணத்தைப் பார்த்து யாரும் ஊகிக்க முடியாது.

அரைக்கும் வேலை மாறிவிட்டது. பழம் கோலிக்குண்டு அளவு. அதில் பெரும்பகுதி கொட்டை. மேலே தோலும் சதையுமாக ஒரு மெல்லிய ஏடுதான். முன்பு வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, அகன்ற மண்சட்டியில் போட்டுப் பெண்கள் கையால் பிசைவார்கள். கொட்டையிலிருந்து சதை விட்டதும் தண்ணீர் சேர்த்துச் சல்லடையில் வடிப்பார்கள். மணிக்கணக்கில் பிடிக்கும் வேலை. முழங்கை வரை ஊதாக்கறை. பிறகு மின்சார இயந்திரம் வந்தது. துருப்பிடிக்காத எஃகு உருளைக்குள் பழத்தைக் கொட்டி, உள்ளே துடுப்பு சுழல, மேலிருந்து தண்ணீர் விட, அடியில் கெட்டியாக வழிகிறது. எவ்வளவு தண்ணீர் விடுவது என்பதில்தான் கடைக்காரரின் கைராசி. திடப்பொருள் 14 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ‘கெட்டி’, 11-லிருந்து 14 வரை ‘நடுத்தரம்’, அதற்குக் கீழே ‘மெல்லியது’ என்று பிரேசில் அரசே தரம் பிரித்திருக்கிறது. மாதக் கடைசியில் கெட்டியிலிருந்து மெல்லியதுக்கு இறங்கும் குடும்பங்கள் அங்கே நிறைய.

பறித்த பழம் ஒன்றிரண்டு நாளுக்கு மேல் தாங்காது, புளித்துவிடும். அதனால்தான் பெலேமின் வெர்-ஓ-பேசு சந்தையை ஒட்டிய அசாயித் துறையில் விடியலுக்கு முன்பே வியாபாரம் முடிந்துவிடுகிறது. இரவெல்லாம் ஆற்றில் வந்த படகுகள், கூடைகள் தோளேறிக் கரைக்கு வரும் வேகம், இருட்டில் விளக்கைப் பிடித்துப் பழத்தை விரலால் கீறிப் பார்க்கும் கடைக்காரர்கள். பழம் கெடுகிற வேகமே நூற்றாண்டுகளாக இதை உள்ளூர்ச் சாப்பாடாகக் கட்டிப்போட்டிருந்தது. உறைபதனப் பெட்டி அந்தக் கட்டை அவிழ்த்தது.

ஆனால் பழத்துக்கு முன்னால் வெளியூர் போனது மரத்தின் குருத்து. பிரேசிலின் தென்பகுதியில், அட்லாண்டிக் கரையோரக் காடுகளில், அசாயியின் நெருங்கிய உறவான ஜுசாரா என்ற மரம் உண்டு. அதன் குருத்தை டப்பாவில் அடைத்து விற்கும் ஆலைகள் அங்கே பெருகின. ஜுசாரா ஒற்றைத் தண்டு மரம். குருத்தை எடுத்தால் மரம் செத்தது. வெட்டி வெட்டித் தென்காட்டில் மரம் அருகிப்போனதும், 1960-70களில் ஆலைகள் அமேசான் கழிமுகத்துக்கு இடம் மாறின. இங்கே அசாயி குத்துக் குத்தாக நின்றது. ஒன்றை வெட்டினால் இன்னொன்று வரும் என்ற துணிவில் கண்மண் தெரியாமல் வெட்டினார்கள். தலைக்கு ஒரு முழக் குருத்து. மீதி 20 மீட்டர் மரம் சேற்றில் மக்கும். பக்கக்கன்று விடும் மரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. பெலேம் சந்தைக்குப் பழம் வரத்துக் குறையத் தொடங்கியது.

அரசு 1978-ல் அசாயி மரத்தை வெட்டுவதற்கு நாடு முழுவதும் தடை விதித்துச் சட்டம் இயற்றியது. ஆயிரக்கணக்கான தீவுகளும் வாய்க்கால்களும் பின்னிக் கிடக்கும் கழிமுகத்தில் அந்தச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு எந்த அதிகாரி எங்கே போய் மரத்தை எண்ணுவார்? மரத்தை உண்மையில் காப்பாற்றியது பழத்தின் விலை. பிழைப்புத் தேடி ஆற்றங்கரை மக்கள் பெலேமுக்குக் குடியேறினார்கள். வந்தவர்கள் அசாயி இல்லாமல் சாப்பிட மாட்டார்கள். நகரத்தில் தேவை கூடிப் பழத்தின் விலை ஏறியது. நிற்கும் மரம் வெட்டிய மரத்தைவிட அதிகம் சம்பாதித்துத் தரும் என்று தெரிந்த அன்றே கத்தியின் வேலை மாறியது. குருத்து வெட்டியவர்களே குலை அறுக்கப் போனார்கள்.

அதற்கடுத்து வந்த ஏற்றத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. 1902-ல் பெலேமில் பிறந்த கார்லோஸ் கிரேசி, அங்கே ஒரு ஜப்பானிய வீரரிடம் ஜூடோ கற்று, பின்னர் ரியோவுக்குப் போய் பிரேசிலிய ஜுஜுட்ஸு என்ற மல்யுத்த முறையை வளர்த்தவர். சாப்பாட்டில் கண்டிப்பானவர். அவருடைய குடும்பத்தின் வழியாகத்தான் அசாயி ரியோவின் பயிற்சிக் கூடங்களுக்குள் நுழைந்தது என்பார்கள். 1980-90களில் ரியோ கடற்கரையில் அலைச்சறுக்கு இளைஞர்கள் உறைந்த கூழில் குவாரனா என்ற இனிப்புப் பாகும் வாழைப்பழமும் போட்டு அடித்துக் குடித்தார்கள். மீன் போயிற்று, சர்க்கரை வந்தது. பெலேம்காரர் ஒருவருக்கு இதைக் கொடுத்துப் பாருங்கள், நம் ஊரில் தயிர்சாதத்தில் ஜாம் ஊற்றினால் என்ன முகம் காட்டுவோமோ அதைக் காட்டுவார்.

2000-ல், பிரேசிலுக்கு அலைச்சறுக்கு விளையாடப் போய்வந்த கலிஃபோர்னிய இளைஞர்கள் சிலர் ‘சம்பசோன்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கி உறைந்த கூழை அமெரிக்காவுக்கு இறக்கினார்கள். ‘சூப்பர் உணவு’ என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. உடல் இளைக்கும், வயது குறையும் என்று மாத்திரையும் தூளும் இணையத்தில் விற்ற கூட்டம் தனி. தன் பெயரையும் படத்தையும் அனுமதியில்லாமல் போட்டு அசாயி மாத்திரை விற்றதற்காகத் தொலைக்காட்சிப் பிரபலம் ஓப்ரா வின்ஃப்ரே 2009-ல் பல நிறுவனங்கள் மீது வழக்குப் போட்டார். ஜப்பானில் ஒரு நிறுவனம் ‘அசாயி’ என்ற சொல்லையே தன் வணிகக் குறியாகப் பதிவு செய்துவிட, பிரேசில் முறையிட்டு, 2007-ல் அதை ரத்து செய்ய வைத்தது. பானையைத் தலையில் சுமந்து கூவிய பெண்கள் இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.

இன்று பிரேசில் ஆண்டுக்கு 15 லட்சம் டன்னுக்கு மேல் அசாயி விளைவிக்கிறது. அதில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் பாரா மாநிலம். இகராப்பே-மிரி என்ற ஊர் தன்னை ‘அசாயியின் உலகத் தலைநகரம்’ என்று அழைத்துக்கொள்கிறது. வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான எம்ப்ராப்பா 2004-ல் மேட்டுநிலத்தில் பாசனம் வைத்து வளர்க்கத்தக்க ரகத்தை வெளியிட்டது; மூன்றாம் நான்காம் ஆண்டிலேயே, ஏறாமல் எட்டும் உயரத்தில் குலை தள்ளும் மரம். ஆற்றங்கரைக் குடும்பங்களின் கைக்குப் பணம் வந்தது பொய்யல்ல. மோட்டார் படகு, காரை வீடு, நகரத்தில் படிக்கும் பிள்ளை என்று அசாயி கொடுத்தவை பல. அமேசானில் காட்டை அழிக்காமலே பிழைக்கலாம் என்பதற்கு எல்லோரும் காட்டுகிற எடுத்துக்காட்டு இதுதான்.

அந்த எடுத்துக்காட்டில் விரிசல் தெரிகிறது. பழத்துக்கு விலை கூடக் கூட, ஆற்றங்கரையில் மற்ற மரங்களைக் களைந்துவிட்டு அசாயியை நெருக்கமாக விடுகிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைதான்; செயற்கைக்கோள் கண்ணுக்கும் காடுதான். உள்ளே போனால் தோப்பு. ஏக்கருக்கு அசாயிக் குத்து கூடக் கூட மற்ற மர இனங்கள் குறைந்துகொண்டே போவதைப் பிரேசிலியத் தாவரவியலாளர்கள் எண்ணிக் காட்டியிருக்கிறார்கள். மண்ணை அரிக்காமல் பிடித்து வைத்த பெருமரங்கள் போகின்றன. அசாயிப் பூவுக்கு மகரந்தம் சுமக்கும் கொடுக்கில்லாத் தேனீக்கள் கூடு கட்ட அந்தப் பெருமரங்களின் பொந்துகளே வேண்டும். 1970களில் மரத்தைக் கொன்றது குருத்தின் விலை. இன்று மரம் செழிக்கிறது, காடு மெலிகிறது. இரண்டுக்கும் காரணம் தூரத்துச் சந்தை என்பதே என் எண்ணம். தென்பிரேசிலின் ஜுசாரா இதைவிட மோசமான பாடம் படித்தது. அதன் விதையை விழுங்கிப் பரப்பும் டூக்கன் பறவைகள் வேட்டையாலும் காட்டழிவாலும் மறைந்த துண்டுக் காடுகளில், சிறிய அலகுப் பறவைகளால் விழுங்க முடிகிற சிறிய விதைகளே மிஞ்சியிருக்கின்றன என்று 2013-ல் ‘சயன்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. நூறு ஆண்டுக்குள் மரத்தின் விதையே சுருங்கிவிட்டது.

இன்னொரு தலைவலி நோய். சாகஸ் என்ற நோயின் ஒட்டுண்ணியைச் சுமக்கும் பூச்சி அமேசான் பனைகளில் வாழ்கிறது. கூடையில் பழத்தோடு ஒளிந்து வந்து, இயந்திரத்தில் சேர்ந்து அரைபட்டால் குடித்தவருக்கு நோய். இதயத்தைப் பாதிக்கும், உயிரையும் எடுக்கும். பழத்தைக் கழுவி, 80 டிகிரி வெந்நீரில் 10 விநாடி முக்கி, உடனே குளிர வைத்துத்தான் அரைக்க வேண்டும் என்று பாரா அரசு 2012-ல் ஆணையிட்டது. எளிய முறைதான், செய்கிற கடையும் உண்டு, செய்யாத கடையும் உண்டு. ஏற்றுமதியாகும் கூழ் பாஸ்டர் முறையில் சூடாக்கப்பட்டுவிடுவதால் வெளிநாட்டாருக்கு இந்தப் பயம் இல்லை.

2025 நவம்பரில் ஐ.நா. காலநிலை மாநாடு பெலேமிலேயே நடந்தது. அதற்கான உணவு ஒப்பந்த அறிவிப்பில், தொற்று அபாயம் என்று சொல்லி அசாயியை விற்கத் தடை போட்டிருந்தார்கள். அசாயி ஊரில் அசாயிக்குத் தடை! சமையல்காரர்களும் ஊர்மக்களும் கொதித்தெழ, சில நாளில் அறிவிப்பைத் திருத்தினார்கள்.

கொட்டையைச் சொல்லாமல் விட்டால் கணக்கு முடியாது. லட்சக்கணக்கான டன் பழத்தில் முக்கால் பங்குக்கு மேல் கொட்டை. பெலேமின் தெருமுனைகளில் மூட்டை மூட்டையாகக் குவிந்து கிடந்த அந்தக் குப்பை இன்று செங்கல் சூளைக்கு எரிபொருள்; பாராவில் ஒரு சிமெண்ட் ஆலையும் வாங்கி எரிக்கிறது. துளையிட்டுச் சாயம் தோய்த்து மாலை கோக்கிறார்கள். வறுத்துப் பொடித்துக் காப்பி என்றும் விற்கிறார்கள்.

விலைக்கு வருவோம். அசாயி ஜூலையிலிருந்து டிசம்பர் வரை பொழியும். ஜனவரியிலிருந்து வரத்து சுருங்கும். அந்த மாதங்களில் ஏற்றுமதி ஆலையும் தெருக்கடையும் ஒரே கூடைக்குப் போட்டி போடுகின்றன. தோற்பது தெருக்கடை, அதன் வாடிக்கையாளர் கூலி வேலைக்காரர். தாத்தா காலத்தில் ஏழையின் சாப்பாடு என்று பெயர் வாங்கிய பழத்தை ஏழை கணக்குப் பார்த்து வாங்கும் நிலை வந்துவிட்டது. உறைந்த கிண்ணத்துக்கு அமெரிக்கர் கொடுக்கும் காசில் மரம் ஏறியவனுக்குப் போய்ச் சேருவது சொற்பம்.

நம் ஊரில் கஃபேயிலோ இணையத்திலோ இதை வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பொருள் பட்டியலில் சர்க்கரையோ பாகோ முன்வரிசையில் இருந்தால் அது ஐஸ்கிரீம். அந்த ஆசைக்காகச் சாப்பிடுங்கள், உடம்புக்காக அல்ல. இளைக்க வைக்கும், நோய் தீர்க்கும் என்று எழுதியிருக்கும் தூளைத் தொடாதீர்கள். மனிதர்களிடம் அதற்குத் தக்க சான்று இல்லை. ஊதாப் பழங்களின் அந்தோசயனின் நிறமிதான் வேண்டுமென்றால், ஆனி ஆடியில் சாலையோரக் கூடையில் உப்புத் தூவி விற்கும் நாவல்பழத்தில் அது தாராளமாக இருக்கிறது. விலையும் மிகக் குறைவு.